பூனைக்குப் பச்சைக்கறி: வேலூர் வீடுகளில் பழக்கும் முறை

பூனையைப் பச்சைக்கறிக்கு, அதாவது வேகவைக்காத இறைச்சிக்கு, மாற்றலாமா என்று யாராவது கேட்டால் நான் உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஃப்ரீசர் ஒழுங்காக உறைகிறதா, பூனை இப்போது என்ன சாப்பிடுகிறது என்று முதலில் கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் கறிக்கடைக்குப் போவதில் அர்த்தம் உண்டு. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் கறியைத் துண்டு போட்டுத் தட்டில் வைப்பது பூனைக்கு உணவு ஆகாது. பச்சைக்கறி கொடுத்துப் பூனையின் உடம்பு கெட்டது என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் கிருமிதான் காரணம் என்று நினைக்கிறோம். சத்துக் கணக்கு தவறியதாலும் அப்படி ஆகும். அது மெதுவாக, வெளியே தெரியாமல் நடக்கும்.

பூனையின் உடம்புக்கு என்ன தேவை

பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னும் பிராணி. நாயைப் போல சோற்றில் சமாளித்துக்கொள்ள அதன் உடம்பால் முடியாது. "நாங்கள் பால்சோறும் தயிர்சோறும் போட்டுத்தானே வளர்த்தோம், நன்றாகத்தானே இருந்தது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பூனைகள் சோற்றால் வாழவில்லை. எலி, பல்லி, ஓணான், குருவி என்று வெளியே பிடித்துத் தின்று வாழ்ந்தன. சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடியில் கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் பூனைக்கு அந்த வழி கிடையாது. நாம் தட்டில் வைப்பதுதான் அதற்கு எல்லாம்.

டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு தயாரிக்க முடியாது, கறியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து இதயம் பெருத்துப்போகும், விழித்திரை கெட்டுப் பார்வையும் போகும். கடைத் தீனியை மட்டுமே சாப்பிட்ட பூனைகள் கூட இப்படி இதயநோயில் இறந்துகொண்டிருந்தன. காரணம் டாரின் குறைவுதான் என்று 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தீனிகளில் டாரின் அளவு கூட்டப்பட்டது.

வைட்டமின் ஏ விஷயமும் இப்படித்தான். கேரட்டிலும் பரங்கிக்காயிலும் இருப்பதை நம் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், பூனையின் உடம்பு மாற்றாது. அதற்கு ஈரல்தான் வேண்டும். அதே ஈரல் அதிகமானால் வைட்டமின் ஏ சேர்ந்துபோய், நாளடைவில் கழுத்தெலும்பு ஒன்றோடொன்று ஒட்டி, பூனை தலையைத் திருப்ப முடியாமல் தவிக்கும். ஈரலைப் பூனைகள் மிகவும் விரும்பும். கடையில் விலையும் குறைவு. அதனாலேயே தினமும் ஈரல் போடுகிற வீடுகள் நிறைய.

கால்சியத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிக மிகக் குறைவு. எலும்பில்லாத கறியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். வளரும் குட்டி என்றால் கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியும். குட்டிக்குக் கோழி நெஞ்சுக்கறியை மட்டும் வேகவைத்துக் கொடுப்பதை நல்ல சாப்பாடு என்று நினைப்பவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம் தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தேடிப்போய்த் தண்ணீர் குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு, இரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலியின் உடம்பில் 70 சதவீதத்துக்குப் பக்கம் தண்ணீர். உலர் தீனியில் சுமார் 10 சதவீதம்தான். கத்திரி வெயிலில் வேலூரில் உலர் தீனி மட்டும் தின்றுவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காத ஆண்பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. என்னைக் கேட்டால், கறி உணவின் பெரிய லாபம் இந்த ஈரப்பதம்தான். பச்சையா வேகவைத்ததா என்பது அதற்கு அடுத்துதான் வரும்.

பச்சைதான் உயர்ந்தது என்பவர்கள் பாட்டெஞ்சர் என்ற அமெரிக்க மருத்துவரின் பூனைகளை உதாரணம் காட்டுவார்கள். 1930-களில் தொடங்கிச் சுமார் பத்தாண்டு அவர் நடத்திய சோதனையில் பச்சைக்கறி தின்ற பூனைகள் நலமாக இருந்தன. வேகவைத்த கறி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. பூனைக்கு டாரின் அவசியம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் கரைந்து போய்விடும், அந்தக் குறைதான் பூனைகளை நலிய வைத்திருக்கும் என்பது இன்றைய விளக்கம். ஆக, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்து, டாரினும் கால்சியமும் கலந்து கொடுத்தால் வேகவைத்த கறியும் முதல்தரமான உணவுதான். கீழே சொல்லும் எந்தப் படியிலாவது உங்களால் முடியாமல் போனால், வேகவைத்ததோடு நின்றுகொள்ளுங்கள். பூனைக்கு ஒன்றும் குறையாது.

யார் வீட்டில் பச்சைக்கறி வேண்டாம்

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் இருப்பது சாதாரணம். பூனையின் வயிறு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் வாயிலும் மலத்திலும் தட்டிலும் கிருமி இருந்துகொண்டே இருக்கும். முகத்தை நக்கினாலே நமக்கு வரக்கூடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-லேயே பூனை, நாய்க்குப் பச்சைக்கறி வேண்டாம் என்று கொள்கையாகவே அறிவித்தது. நம் ஊர் மருத்துவர்களிலும் பலர் அதையேதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

வேலூரில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது 1971-ல், இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில். இன்றும் மாற்றுச் சிகிச்சைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் வட மாநிலங்களிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, மாதக்கணக்கில் வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் எத்தனையோ பேர். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் ஒருவர் உங்கள் வீட்டிலோ, மாடியில் வாடகைக்கோ இருந்து, உங்கள் பூனை அவர் மடியில் போய் உட்காரும் என்றால் பச்சைக்கறி பேச்சே வேண்டாம். கர்ப்பிணி, கைக்குழந்தை, தள்ளாத வயதில் இருப்பவர் உள்ள வீட்டுக்கும் இதேதான். கர்ப்பிணிகளுக்குக் கூடுதலாக டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் பயமும் உண்டு. பச்சைக்கறி மூலம் பூனைக்கு வந்து, அதன் மலம் வழியாக மனிதருக்குப் பரவும், கருவைப் பாதிக்கும்.

பூனைகளிலும் சிலவற்றுக்கு வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டி, சினைப்பூனை, சிறுநீரகக் கோளாறு உள்ளது, ஸ்டீராய்டு மருந்தில் இருப்பது, பூனை ரத்தப்புற்று வைரஸ் உள்ளது ஆகிய எதற்கும் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

பறவைக் காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்5என்1 வைரஸ் பூனைகளைப் பிடித்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பச்சை வான்கோழித் தீனி சாப்பிட்ட வீட்டுப்பூனை இதில் இறந்தது. அந்தத் தீனி ஃப்ரீசரில் உறைந்து வந்ததுதான், உறைநிலை வைரஸைக் கொல்லவில்லை. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப்பூனைகளுக்கு இந்த வைரஸ் இருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டக் கோழிப்பண்ணைகளில் பரவியது. காட்பாடி தாண்டிக் கிறிஸ்டியான்பேட்டையில் ஆந்திர எல்லை வந்துவிடுகிறது. பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்த அன்றே பச்சைக் கோழியை நிறுத்திவிடுங்கள். ஃப்ரீசரில் இருப்பதையும் நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

கறிக்கடையில்

பூனைக்கு என்று சொல்லாதீர்கள். சொன்னால் கடைக்காரர் நல்ல மனதோடு ஓரத்தில் ஒதுக்கியிருக்கும் கொழுப்பையும் தோலையும் ஒரு கவரில் அள்ளிப் போட்டுக் கொடுப்பார், காசுகூட வாங்கமாட்டார். காலையிலிருந்து ஈ மொய்த்த அந்தக் கழிவு வேகவைத்துக் கொடுக்கக்கூட லாயக்கில்லை. "பாய், வீட்டுக்குத்தான். லெக் பீஸ், எலும்பு எடுத்துடுங்க. ஹார்ட்டும் ஈரலும் தனித்தனிக் கவர்ல போடுங்க" என்று கேளுங்கள். நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறியில் டாரின் அதிகம். கோழி இதயத்தில் இன்னும் அதிகம். நாலைந்து நாள் முன்னாடியே சொல்லிவைத்தால் இதயங்களைச் சேர்த்து எடுத்துவைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போக வேண்டாம். வாரநாளில், காலையில், கடை திறந்ததும் போங்கள். கண்ணெதிரே அறுத்து வெட்டிய கோழிதான் நல்லது. வாங்கியதும் வேறு கடைக்கு அலையாமல் நேராக வீட்டுக்கு வாருங்கள். கைமாவாக அரைத்து வாங்காதீர்கள். அந்த மெஷினில் காலையிலிருந்து யார் யார் கறியோ போயிருக்கும். துண்டாக இருக்கும் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். அரைத்துவிட்டால் உள்ளே எல்லா இடமும் போய்விடும். மஞ்சளும் உப்பும் போட்டு அலசுவது நம் வழக்கம். பூனைக் கறிக்கு அது வேண்டாம். குழாயடியில் அலசினால் தண்ணீர் தெறித்துச் சமையல் மேடை முழுக்கக் கிருமி பரவுவதுதான் மிச்சம்.

மாட்டுக்கறி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும், பூனைகளுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். ஆட்டுக்கறி விலை அதிகம். ஆனால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் சிறிதளவு வாங்கிச் சேர்க்கலாம். ஆடு, மாடு எதுவானாலும் டாக்ஸோபிளாஸ்மாவுக்காகக் குறைந்தது மூன்று நாள் நன்றாக உறையவைத்த பிறகே கொடுங்கள். பன்றிக்கறி பச்சையாகக் கூடவே கூடாது.

மீன் பச்சையாக வேண்டாம். கெண்டை மாதிரியான மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். வாரம் ஒருநாள், முள் எடுத்து, வேகவைத்து, உப்பில்லாமல் கொடுங்கள், போதும். கருவாட்டைத் தீனியாகவே போடுவது நம் பக்கம் சகஜம். அந்த உப்பு பூனைக்கு நல்லதல்ல.

ஒரு கிலோவுக்கான கணக்கு

எலும்பை அரைக்கும் மெஷின் எல்லோர் வீட்டிலும் இல்லை. வீட்டு மிக்ஸி எலும்பு அரைக்காது, பிளேடுதான் போகும். அதனால் எலும்பில்லாத கறியோடு முட்டை ஓட்டுப் பொடி சேர்க்கும் முறையைச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

தொடைக்கறி 800 கிராம், தோலில் பாதியை எடுத்துவிட்டது. கோழி இதயம் 150 கிராம். ஈரல் 50 கிராம், அதற்கு மேல் ஒரு துண்டு கூட வேண்டாம். முட்டை ஓட்டுப் பொடி 5 முதல் 6 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். டாரின் பொடி 2 கிராம். முட்டை மஞ்சள் கரு இரண்டு. வெள்ளைக் கருவைப் பச்சையாகச் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஒரு புரதம் பயோட்டின் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மீன் எண்ணெய் மாத்திரை 1000 மில்லிகிராம் அளவில் இரண்டு. மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ இருப்பதால் அது வேண்டாம். வைட்டமின் ஈ, பி காம்ப்ளெக்ஸ், அயோடின் உப்பு ஆகியவற்றின் அளவைப் பூனையின் எடை, வயதைப் பார்த்து மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீர்.

முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையின் ஓடு சுமார் 5 கிராம், அதில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். விரலில் தேய்த்தால் நெருடக் கூடாது. டாரின் பொடியை உடற்பயிற்சிச் சத்துப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் வாங்கலாம். வேறு எதுவும் கலக்காத சுத்தமான பொடியாகப் பார்த்து வாங்குங்கள். கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். கண்ணளவு இங்கே உதவாது.

இந்தக் கலவையே கூட முழுமையானது என்று நான் சொல்லமாட்டேன். துத்தநாகம், மாங்கனீஸ், வைட்டமின் டி எல்லாம் இதில் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் செய்யும் பூனை உணவுக்கான நூற்றுக்கு மேற்பட்ட சமையல் குறிப்புகளை டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு சத்து குறைவாகவே இருந்தது. அதனால் வாரத்தில் இரண்டு மூன்று வேளை, 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட ஈரத்தீனிப் பாக்கெட்டையும் கொடுத்துவாருங்கள். இல்லையென்றால் பூனைகளுக்கென்றே வரும் சத்துக் கலவையை வாங்கிச் சேருங்கள். முழுக்க வீட்டு உணவில்தான் வளர்ப்பேன் என்பவர்கள், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஒருமுறை உணவுக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு வரலாம். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

கிருமிப் பயத்தைக் குறைக்க ஒரு வழி: முழுத் துண்டுகளாக இருக்கும்போதே கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மேல்பக்கம் வெளுத்ததும் எடுத்துவிடுங்கள். உள்ளே பச்சையாகவே இருக்கும், மேலே இருக்கும் கிருமிகளில் பெரும்பகுதி போய்விடும். அதற்குப் பிறகு சுத்தமான கத்தியால் பொடியாக நறுக்கிக் கலந்துகொள்ளுங்கள். நானும் இப்படித்தான் செய்கிறேன்.

நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 150 கிராம் வரை போதும். இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

மாற்றும் நாட்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். குட்டியாக இருந்தபோது எதைத் தின்று பழகியதோ அதைத்தான் பூனை உணவு என்றே நினைக்கும். மொறுமொறு என்று கடித்துப் பழகிய வாய்க்கு, குளிர்ந்த, ஈரமான, வாசனையில்லாத கறி உணவாகவே தெரியாது. தட்டை முகர்ந்துவிட்டு, பக்கத்துத் தரையை முன்காலால் பறண்டி மூடுவதுபோலச் செய்துவிட்டு நகரும். பார்க்க நமக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கோபித்துக்கொண்டதாக நினைக்காதீர்கள். தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளையில் மீண்டும் முயலுங்கள்.

ஆனால் பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடவே கூடாது. நாய்க்கு அது நடக்கலாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பு மொத்தமாக ஈரலுக்குப் போய்ச் சேர்ந்து ஈரல் செயலிழந்துவிடும். கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் பழைய தீனியைக் கொடுத்துவிடுங்கள். அதையும் தொடவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

முதல் வேலை, நாள் முழுக்கத் திறந்தே இருக்கும் தீனிக் கிண்ணத்தை எடுப்பது. காலை, மாலை, படுக்கும் முன் என்று நேரம் வைத்து, அரைமணி நேரம் தட்டை வைத்து எடுத்துவிடுங்கள். கறி இன்னும் வரவில்லை, பழைய தீனியேதான், நேரம் மட்டும்தான் மாறுகிறது. பூனைக்கு வேளைக்குப் பசிக்க ஆரம்பித்தால்தான் புதிய உணவை முகர்ந்தாவது பார்க்கும்.

அடுத்தது ஈரம். ஈரத்தீனியையோ, உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து உதிர்த்த கோழிக்கறியையோ, வெந்த தண்ணீரோடு, பழைய தீனிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியிலிருந்து எடுத்த துண்டைக் கழுவிக் கொடுத்தாலும் அதேதான். தொடவில்லை என்றால், உலர் தீனியைப் பொடித்து மேலே தூவுங்கள். பெரும்பாலான பூனைகள் இதற்கு மசிந்துவிடும். பிறகு ஒவ்வொரு மூன்று நான்கு நாளைக்கும் உலர் தீனியைக் குறைத்து, ஈர உணவைக் கூட்டுங்கள். இந்தப் படிக்கு இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். வயதான பெர்ஷியனை அவசரப்படுத்த முடியாது.

வேகவைத்த கறியை விரும்பித் தின்ன ஆரம்பித்த பிறகுதான் பச்சைக்குப் போக வேண்டும். அதையும் ஒரேயடியாகச் செய்யாமல், வேகவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழுக்க வெந்தது, முக்கால் பதம், அரைப்பதம், மேலே மட்டும் வெளுத்தது என்று இறங்கலாம். அரைப்பதக் கறியைப் பச்சைக்கறியாகவே நினைத்துச் சுத்தம் பாருங்கள். இந்த வழியில் நாக்கும் பழகும், வயிறும் பழகும். கால்சியம், டாரின் கணக்கை முதல்நாள் வேகவைத்த கறியிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள், பச்சைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். ஈரலை மட்டும் கடைசியில், சிறிது சிறிதாகச் சேருங்கள், இல்லையென்றால் வயிற்றைக் கலக்கும்.

குளிர்ந்த கறியைப் பூனை தொடாது. கறிக் கிண்ணத்தை வெந்நீர் உள்ள இன்னொரு கிண்ணத்துக்குள் ஐந்து நிமிடம் வைத்தால் அப்போதுதான் பிடித்த எலியின் சூடு வந்துவிடும், வாசனையும் எழும். பெர்ஷியன் போன்ற சப்பை மூக்குப் பூனைக்குக் குழிவான கிண்ணம் வேண்டாம், தட்டையான தட்டில் பொடியாக நறுக்கிப் பரப்பிக் கொடுங்கள்.

எலும்பு கொடுப்பது பற்றி: முதல் சில மாதம் வேண்டாம். பழகிய பிறகு பச்சைக் கோழி இறக்கையின் நுனியை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கொடுக்கலாம். பல் உடையும் அபாயம் அதிலும் உண்டு. வேகவைத்த எலும்பு மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது, அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

வெயில், மின்தடை, எறும்பு

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கறி வெளியே இருக்கும் நேரம்தான் முதல் எதிரி. தட்டு வைத்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். திரும்பவும் ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்காதீர்கள். இளக வைப்பதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான், முந்தின இரவே எடுத்து, தண்ணீர் சொட்டாத டப்பாவில் வையுங்கள். சமையல் மேடையில் வைத்தால் நடுவில் உறைந்திருக்கும்போதே மேல்பகுதி கெட ஆரம்பித்துவிடும். இளகிய கறி இரண்டு நாளைக்குள் தீர வேண்டும்.

ஒரு வாரத்துக்கான அளவை மட்டும் கலந்து, ஒரு நாளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து உறையவையுங்கள். மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி அந்த அளவுக்குப் போகாது. டாக்ஸோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிக்குத்தான் உறையவைப்பது உதவும், சால்மொனெல்லா போன்ற கிருமிகளை ஃப்ரீசர் தூங்கவைக்குமே தவிரக் கொல்லாது, அதையும் நினைவில் வையுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலையில் போன மின்சாரம் வர மதியம் தாண்டிவிடும். நீங்கள் வேலைக்குப் போயிருந்தால் ஃப்ரீசர் இளகி மறுபடி உறைந்ததே தெரியாது. ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, ஐஸ் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் சரி. உள்ளே இறங்கியிருந்தால் அவ்வளவு நேரம் இளகியிருக்கிறது என்று அர்த்தம், அந்தக் கறியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எறும்புக்கு, ஒரு பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் பூனைத் தட்டை வையுங்கள். பூனைக்கறிக்குக் கத்தி, பலகை, டப்பா எல்லாம் தனி. சைவச் சமையல் நடக்கும் வீட்டில் இதைச் சொல்லவே வேண்டாம், மற்ற வீட்டுக்காரர்கள்தான் மறந்துவிடுகிறார்கள். தட்டைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள், வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மலப்பெட்டியைத் தினமும் அள்ளுங்கள். டாக்ஸோபிளாஸ்மா மலத்தோடு வெளிவந்தாலும், தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட வேண்டும்.

எதைக் கவனிக்க வேண்டும்

பூனை தண்ணீர் குடிப்பது குறையும், பயப்பட வேண்டாம், உணவிலேயே வருகிறது. மலம் அளவில் குறையும், நாற்றம் குறையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவதும் சகஜம். மலம் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிர்ந்தால் எலும்போ ஓட்டுப் பொடியோ அதிகம். இளக்கமாக இருந்தால் ஈரல் அதிகம் அல்லது அவசரமாக மாற்றிவிட்டீர்கள், ஒரு படி பின்னால் போங்கள். ரத்தம், தொடர்ந்த வாந்தி, மலப்பெட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமை இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்கோ தெரிந்த மருத்துவரிடமோ போங்கள். முக்கியமாக ஆண்பூனைக்குச் சிறுநீர் நின்றால் மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு உங்கள் எடையை மட்டும் பார்த்துக் கழியுங்கள். ஒரு மாதத்தில் கால் கிலோவுக்கு மேல் குறைந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து தவறக்கூடாது. மருத்துவரிடம் எப்போது போனாலும் பச்சைக்கறி கொடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைப்பவர்கள் உண்டு. கறி மட்டும் தின்னும் பூனைக்கு ரத்தத்தில் யூரியா சற்றே கூடுதலாகக் காட்டும். விஷயம் தெரியாவிட்டால் அவர் சிறுநீரகக் கோளாறு என்று நினைக்க நேரிடும். ஆண்டுக்கொருமுறை இதயத்தையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பக்கத்து வீட்டாரிடம் பூனையை விட்டுவிட்டு இரண்டு நாள் வெளியூர் போக வேண்டி வரும். அவர்கள் கையில் பச்சைக்கறியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கறியை இளகவைக்கும் கணக்கும் சுத்தமும் அவர்களுக்குப் பழக்கமில்லை, அவர்கள் வீட்டில் குழந்தையும் இருக்கலாம். இதற்காகத்தான் வாரத்தில் சில வேளை பாக்கெட் ஈரத்தீனி கொடுத்துப் பழக்கத்தில் வைத்திருக்கச் சொன்னேன். தேவையான பாக்கெட்டுகளை எண்ணி, எந்த வேளைக்கு எது என்று ஒரு சீட்டில் எழுதி, மருத்துவரின் எண்ணையும் அதே சீட்டில் குறித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் முதலில் ஃப்ரீசரைத் திறந்து நாணயத்தைப் பாருங்கள்.